ஆகஸ்ட் விடுமுறை: மகனோடு இலங்கை மலைநாட்டுக் கோச்சி (ரயில்) பார்க்க ஐந்து நாள், எங்கே தங்குவது?

கொக்குவில் வாத்தியார்:

வணக்கம். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாக ஒரு சி.ஆர். கொப்பியில் இன்ஜின் இலக்கம் எழுதி வருகிறான். யாழ்தேவி ரயில் வரும் நேரம் வீட்டில் நிற்கமாட்டான், ரயில் கடவைக்கு ஓடிவிடுவான். வரும் ஆகஸ்ட் விடுமுறைக்கு மலைநாடு கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கையில் ஐந்து நாள் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொழும்பில் ஏறிப் பதுளையில் இறங்குவது, நடுவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு படம். அவனுக்கு அது போதாது. எம்6 டீசல் இன்ஜின் ஏற்றத்தில் இழுப்பதைப் பார்க்க வேண்டும், பழைய கைகாட்டி சிக்னல் பார்க்க வேண்டும், நீராவி இன்ஜின் இருந்தால் அதையும் பார்க்க வேண்டுமாம். எங்கே தங்கலாம்? எந்த ஸ்டேஷனில் நிற்கலாம்? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

கொட்டகலைக்காரன்:

சேர், முதலில் ஒரு வேண்டுகோள். கொழும்பு - பதுளை முழுப் பயணத்தை ஒரே நாளில் வைக்காதீர்கள். சுமார் 290 கிலோமீட்டர், விடிய ஏறினால் பின்னேரம்தான் இறங்குவீர்கள். பெட்டிக்குள் இருப்பவனுக்கு இன்ஜின் தெரியாது. உங்கள் மகன் பார்க்க வருவது இன்ஜினை. அதனால் நீங்கள் ஒரு சின்ன ஸ்டேஷனில் உட்காருங்கள், கோச்சி உங்களைத் தேடி வரட்டும்.

என் அப்பா ரயில்வே கேங்கில் வேலை செய்தவர். விடிய நாலரைக்குக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, தோளில் சம்மட்டி, கையில் ஸ்பானர் என்று தண்டவாளத்தோடு நடந்து போவார். தளர்ந்த ஆணியை ஒரு தட்டு தட்டினால் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தோட்ட லயத்து வீட்டில் படுத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். இந்தப் பாதையை நான் அப்படித்தான் படித்தேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கடுகண்ணாவை. ஸ்டேஷனை ஒட்டியே தேசிய ரயில்வே நூதனசாலை இருக்கிறது. இலங்கை ரயிலுக்கு 150 வயதான 2014 டிசம்பரில் அங்கே திறந்தார்கள். களனிவெளிப் பாதை குறும்பாதையாக (அகலம் குறைந்த தண்டவாளமாக) இருந்த காலத்து இன்ஜின்களை அங்கே தொட்டுப் பார்க்கலாம். ரம்புக்கனையில் ஏறிக் கடுகண்ணாவைக்கு வாருங்கள், வலது பக்கம் பள்ளம் இறங்கிக்கொண்டே போவதை மகன் பார்க்கட்டும். 1867 இல் கண்டிக்குக் கோச்சி வந்த வழி அதுதான். கோப்பிக்காகப் போட்ட பாதை, பிறகு தேயிலைக்காக மேலே மேலே ஏறியது. நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, கடைசியில் பதுளை 1924. இந்த ஆண்டுகளை அவன் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கும்போது பாதை எத்தனை வருடம் நடந்து அங்கே வந்தது என்று புரியும்.

இரண்டாவது, மூன்றாவது நாள் எங்கள் பக்கம். ஹட்டனில் தங்குங்கள், சாமான் சட்டி வாங்க, சாப்பிட எல்லாம் வசதி. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இந்தப் பாதையிலேயே நீளமானது அதுதான். அதற்குள் மட்டும் நடந்து போகாதீர்கள், தண்டவாளத்தில் நடப்பதே குற்றம், அதுவும் இருட்டுச் சுரங்கம். கொட்டகலையில் இருந்து தலவாக்கலை போகும்போது சென் கிளையர் நீர்வீழ்ச்சி பெட்டியிலிருந்தே தெரியும்.

எம்6 பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியில் தைசன் ஹென்ஷல் செய்தது, 1979, 80 இல் வந்தது. மலையேற்றத்துக்கு இன்றைக்கும் நம்பிக்கையான இன்ஜின். தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை நாற்பத்து நாலு அடி போனால் ஒரு அடி ஏற்றம், அதோடு நூறு மீட்டர் ஆரத்தில் வளைவுகள். கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷனில் நின்றால் கோச்சி கண்ணுக்குத் தெரிவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னாலேயே கேட்கும். முதலில் ஒரு உறுமல், ஒரு வளைவுக்குள் போனதும் அமுங்கும், அடுத்த வளைவில் திரும்பக் கிளம்பும். நான்கு ஐந்து தடவை இப்படி. அப்புறம்தான் தேயிலைக்கு மேலே புகை தெரியும். மகனை அங்கே அரை நாள் விடுங்கள்.

எம்2 இன்ஜின் வந்தால் அதிர்ஷ்டம். கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்தது, அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடிய மாகாணப் பெயர் எழுதியிருக்கும். எழுபது வயது இன்ஜின், இன்னும் ஓடுகிறது. எஸ்12, எஸ்14 என்று சீனாவில் செய்த பவர்செட்டுகளும் (இன்ஜினும் பெட்டிகளும் ஒரே தொடராக இருப்பவை) ஓடுகின்றன. அவற்றையும் அவன் எழுதட்டும்.

நீராவி இன்ஜினை நம்பித் திட்டம் போட வேண்டாம். வைஸ்ராய் ஸ்பெஷல் என்ற சுற்றுலா ரயில் யாராவது வாடகைக்கு எடுத்தால் ஓடுவது, கால அட்டவணையில் வருவது அல்ல. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றம் வேண்டாம்.

கைகாட்டி பற்றி எழுதாமல் விட முடியாது. மேல் பாதையில் இன்னும் கை இறங்கும் கைகாட்டிதான். கம்பி ஒரு இழுப்பில் விறைக்கும், கப்பி சுழலும், தூரத்தில் சிவப்புக் கை தாழும். அதோடு டெப்லட் மாற்றுவதைப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே வராமல் இருக்க, அடுத்த ஸ்டேஷன் வரை போகும் உரிமையாக ஒரு வட்டத் தகடு. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி ஸ்டேஷன்காரர் உயர்த்திப் பிடிப்பார். நிற்காமல் போகும் கோச்சியென்றால் உதவிச் சாரதி படியில் நின்று கையை வளையத்துக்குள் விடுவார், பழைய வளையத்தைக் கீழே போடுவார். ஒரு நொடி வேலை. எனக்கு ஏழு வயதில் அப்பா தோளில் இருந்து அதைப் பார்த்தேன், வளையம் சாரதியின் முழங்கையில் மோதிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்டால் டெப்லட் எடுக்கும் சிவப்புப் பெட்டியையும் மணியையும் பலர் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். வேலை நேரத்தில் மறுத்தால் கோபிக்கக் கூடாது, அவர் கையில் இரண்டு கோச்சியின் உயிர் இருக்கிறது.

ஹப்புத்தளை டீச்சர்:

மேலே எழுதியவர் எங்கள் பக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறார், நன்றி அண்ணா.

சேர், ஆகஸ்ட் என்றால் ஒன்று கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று முடியவில்லை. வட்டவளையிலும் ஹட்டனிலும் நாள் முழுக்கத் தூறும், குடையும் கம்பளிச் சட்டையும் அவசியம். ஆனால் எங்கள் ஊவா மாகாணப் பக்கம் அந்த மாதத்தில் வெயில், காய்ந்த காற்று. பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். அதைத் தாண்டிச் சிகரச் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஜன்னலில் நீர் வழியும், மறுபக்கம் ஒஹியவுக்கு வெளியே வரும்போது வெயில் முகத்தில் அடிக்கும். எப்போதும் நடப்பது என்று சொல்லமாட்டேன், ஆகஸ்டில் நான் பல தடவை கண்டிருக்கிறேன். மகனை ஜன்னல் பக்கம் இருத்துங்கள்.

நாலாவது நாள் ஹப்புத்தளையில் தங்கி, காலைக் கோச்சியில் இதல்கஸ்ஹின்ன வந்து போங்கள். மலை முதுகின் மேலே ஸ்டேஷன். ஒரு பக்கம் ஊவா, மறுபக்கம் தெற்குச் சமவெளி. ஒஹியவிலிருந்து அங்கே வரும்வரை சுரங்கத்துக்கு மேல் சுரங்கம், எண்ணச் சொல்லுங்கள். கடை எதையும் நம்பாதீர்கள், ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள்.

ஐந்தாவது நாள் தெமோதரை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத்தான் வேண்டும்: 1921 இல் முடிந்தது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும், இரும்புச் சட்டம் இல்லை, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். ஆனால் அங்கே கூட்டம். அடுத்த ஸ்டேஷனான தெமோதரையில் தங்கி நில்லுங்கள். பாதை ஸ்டேஷனை விட்டு இறங்கி, மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் வெளியே போகும். ஸ்டேஷனில் கோச்சி கிளம்பியதும் பார்வை மேடைப் பக்கம் ஓடுங்கள், கொஞ்ச நேரத்தில் அதே கோச்சி காலுக்குக் கீழே போகும். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

கொக்குவில் வாத்தியார்:

இரண்டு பேருக்கும் நன்றி. மகனுக்கு வாசித்துக் காட்டினேன், "எழுபது வயது இன்ஜின்" என்றதும் கொப்பியை எடுத்துவிட்டான். இரண்டு கேள்வி மட்டும். டிக்கெட் எப்படி? நுவரெலியாப் பக்கம் பழைய குறும்பாதை இருந்தது என்று சின்ன வயதில் கேள்விப்பட்டேன், பார்க்க ஏதும் உண்டா?

கொட்டகலைக்காரன்:

டிக்கெட் சேர், நீண்ட பயணத்துக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், முப்பது நாளைக்கு முன்னே திறக்கும், திறந்த அன்றே முயற்சிக்க வேண்டும். முதலாம் வகுப்பு ஏசி வேண்டாம், ஜன்னல் திறக்காது, சத்தமும் கேட்காது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போவதற்கு மூன்றாம் வகுப்பை அங்கேயே கவுண்டரில் வாங்குங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே யாராவது அதிக விலைக்கு ஆசனம் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்.

ராகலைப் பாதை உண்மைதான். நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை போனது, இரண்டரை அடி அகலம், 1903, 04 இல் போட்டு 1940களில் மூடினார்கள். தண்டவாளம் இல்லை. மூன்றாம் நாள் மழை விட்டால் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்கு பஸ்ஸில் ஏறி, மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே அந்தக் குட்டி இன்ஜின் எப்படி ஏறியிருக்கும் என்று அவனுக்குக் காட்டுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள், மண்சரிவால் பாதை மூடியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கொட்டகலை வந்தால் சொல்லுங்கள், அப்பாவின் ஸ்பானர் இன்னும் வீட்டில் இருக்கிறது, மகன் தூக்கிப் பார்க்கலாம்.