அம்மம்மாவின் கல்வெட்டில் என்ன எழுதலாம்?

கேள்வி: அம்மம்மா போன வாரம் ரொறன்ரோவில் காலமானார். திருகோணமலை உப்புவெளியில் பிறந்தவர். 1985இல் தாத்தாவோடும் இரண்டு மாமாக்களோடும் கனடா போய், தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, குளிரில் பஸ்ஸுக்கு நின்று எல்லாரையும் ஆளாக்கினார், கலியாணம் முடித்திருந்த என் அம்மா மட்டும் திருகோணமலையிலேயே தங்கிவிட்டார். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அச்சடிக்கும் பொறுப்பு என் தலையில். வம்சாவளி, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா சரி, வாழ்க்கை வரலாறுதான் ஓடவில்லை.

பதில் 1: 'பிறர் மனம் நோகாத பண்பாளர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி, எல்லார் கல்வெட்டிலும் அது இருக்கிறது! என் மாமி பனிக்காலத்திலும் ஜன்னலோரம் கறிவேப்பிலைக் கன்று வளர்த்ததை எழுதினோம், அதைத்தான் இன்றும் பேசுகிறார்கள்.

பதில் 2: தேவாரப் பக்கத்துக்குச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் போடுங்கள், நம்மூர்ப் பதிகம். அப்புறம், திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளடியில் இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்தான் என்பார்கள், நம் பெரியவர்கள் அங்கே இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்வதும் வழக்கம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா, அக்கா. போன் எடுத்தால் அம்மம்மா முதலில் "கடல் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார், எங்களை விசாரிப்பது பிறகுதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.