ஏற்காடு ஏரியில் கடற்பசு கணக்கெடுப்புப் பயிற்சி: மூன்று உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் விலங்கியல் படிக்கும் 6 மாணவர்களுக்குக் கடல் பாலூட்டி ஆய்வில் ஆர்வம். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே போகுமுன் படகிலிருந்து எண்ணும் முறையை ஏற்காடு ஏரியிலேயே பழக்கிவிடலாம்.

கடற்பசுவுக்குப் பதிலாகத் தெர்மாகோல் மிதவை எட்டு, கல் கட்டி நிறுத்தியது. படகு நேர்கோட்டில் போகும்; முன்பக்கப் பலகையில் பாகைமானி. இருவர் பார்க்க, ஒருவர் எழுத, அரை மணிக்கொருமுறை இடம் மாற்றம்.

பிழை வருவது பெரும்பாலும் கோணத்தில்தான். 100 மீட்டர் தூரம், 30 பாகை என்றால் கோட்டிலிருந்து விலகல் 50 மீட்டர். 5 பாகையில் தெரிவதை ‘நேர் முன்னால்’ என்று 0 போட்டால், விலங்கு கோட்டின் மேலேயே இருப்பதாகிவிடும். கோட்டிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதை வைத்தே மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுவதால், இப்படியே எழுதிக்கொண்டு போனால் இல்லாத கடற்பசுவும் கணக்கில் ஏறிவிடும். அதற்கு முதுகுத் துடுப்பும் கிடையாது, மூச்சுவிட மேலே வருவதும் சில நொடிதான். அதனால் கண்ட கணமே கோணத்தைப் படித்துப் பழக வேண்டும்.

வேண்டியவை: 7x50 பைனாகுலர் இரண்டு, இரவலாக (10 மடங்குக்கு மேல் படகில் ஆடும்). லேசர் தூரமானி ஒன்று. பனிமூட்டத்தில் தப்பாகக் காட்டும், ஆகவே பயிற்சி காலை 9 மணிக்குப் பிறகுதான். மண்டபம், தொண்டி பக்கம் கணக்கெடுப்பில் இருந்தவர் யாராவது எங்கள் பதிவுத்தாளைப் பார்த்துத் திருத்தித் தந்தால் பேருதவி. படகு அனுமதிக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.