நேர்வாய் மடக்குக் கத்திகளைச் சேகரிப்பது: பழைய கடற்படைக் கத்தி ஒன்றிலிருந்து எப்படித் தொடங்கலாம்?

உவர்மலை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு வரை திருகோணமலையில் நிலைகொண்டிருந்ததால், டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களின் வீடுகளில் அக்காலத்து வில்லுக்கத்திகள் இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கின்றன. என் அம்மப்பாவிடமிருந்து எனக்கு வந்த கத்தியும் அத்தகையதே. கறுப்பு நிறத்தில் சதுரக் கோடுகள் செதுக்கிய பிடி, ஒரு பக்கம் தகரம் திறக்கும் அலகு, பின்புறம் கயிற்றின் புரிகளைப் பிரிக்கும் தடித்த ஊசி, தொங்கவிடுவதற்கு ஒரு வளையம் ஆகியன அதில் உள்ளன. பெரிய அலகின் அடியில் அம்புக்குறியும் 1943 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

என்னைக் கவர்ந்தது அந்த அலகின் வடிவம். வெட்டும் வாய் அடியிலிருந்து நுனி வரை ஒரே நேர்கோடாகச் செல்ல, முதுகுதான் முடிவில் வளைந்து இறங்கி வாயைச் சந்திக்கிறது. இதே வகையில் நேர்வாய் கொண்ட மடக்குக் கத்திகளை மட்டும் சிறிய அளவில் சேகரிக்க விரும்புகிறேன். எவ்வெவ்வகைகள் உள்ளன, வாய் நேராக இருப்பது செய்தபோதே அமைந்ததா அல்லது தேய்ந்தும் உடைந்தும் பின்னர் உருவானதா என்பதை எப்படி அறிவது, நமது உப்புக்காற்றில் இவற்றைக் கறள் பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சீனன்குடாவிலிருந்து ஒரு பதில்:

அன்பின் உவர்மலை நண்பருக்கு, நீங்கள் தொடங்கியிருக்கும் இடம் மிகச் சரியானது. ஏனெனில் நேர்வாய்க் கத்தியின் காரணம் முழுவதும் அந்தக் கடற்படைக் கத்தியிலேயே அடங்கியிருக்கிறது. கயிற்றை ஒரு மரத்துண்டின் மீது வைத்து அழுத்தி அறுக்கும்போது, வளைந்த வாய் ஒரு புள்ளியில் மட்டுமே மரத்தைத் தொடும். நேரான வாயோ முழு நீளத்திலும் படிந்து, கடைசிப் புரி வரை ஒரே அழுத்தத்தில் அறுத்துவிடும். கூரிய முனை இல்லாததால், ஆடும் கப்பலில் ஒரு கையால் வேலை செய்பவர் தன்னையோ அருகில் நிற்பவரையோ பாய்மரத் துணியையோ தற்செயலாகக் குத்திவிடும் ஆபத்தும் குறைவு. கலகத்துக்கு அஞ்சிக் கப்பல் தலைவர்கள் மாலுமிகளின் கத்தி முனைகளை உடைத்ததால் இவ்வடிவம் பிறந்தது என்ற கதையைப் பலர் சொல்வார்கள். எனக்கு வேலையின் தேவையே போதுமான விளக்கமாகத் தெரிகிறது.

உங்களுடையது ஷீப்ஸ்ஃபூட் எனப்படும் வகை. அதில் முதுகு வாய்க்கு இணையாகவே சென்று, முடிவில் மட்டும் சட்டென்று வளைந்து இறங்கும். அதன் நெருங்கிய உறவான லாம்ப்ஃபூட் அலகு சற்று ஒடுக்கமானது. அதில் முதுகு அடியிலிருந்தே மெல்லச் சாய்ந்து வந்து முனையில் சிறிது வளையும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் வளர்ந்த இவ்வடிவத்தை அங்குள்ள ஏ. ரைட் அண்ட் சன் போன்ற சிறிய பட்டறைகள் இன்றும் செய்கின்றன. மூன்றாவது வோர்ன்கிளிஃப். முதுகு நீண்ட சரிவாக இறங்கி வாயின் மட்டத்திலேயே ஊசி போன்ற முனையில் முடிவது இதன் இலக்கணம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷெபீல்டின் ஜோசப் ரொஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் ஆதரவாளரான வோர்ன்கிளிஃப் பிரபுவின் பெயரால் இதை வெளியிட்டது. பென்சில் சீவுவதற்கும் மரத்தில் நுணுக்கமாகச் செதுக்குவதற்கும் இதற்கு இணையில்லை; ஆனால் முனை மெல்லியது, எதையும் நெம்பினால் உடைந்துவிடும்.

ஜப்பானின் ஹிகோனோகாமியையும் விட்டுவிடாதீர்கள். ஹியோகோ மாகாணத்தின் மிக்கி நகரில் 1890களில் தோன்றிய இக்கத்திக்கு அலகை இழுத்துப் பிடிக்கும் வில்லும் கிடையாது, பூட்டும் கிடையாது. மடித்த உலோகத் தகட்டுப் பிடிக்கு வெளியே நீளும் சிறிய நெம்பைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருப்பதே அதன் பாதுகாப்பு. ஒரு காலத்தில் அந்நாட்டு மாணவர்களின் பென்சில் சீவும் கத்தியாக இருந்து, 1960களில் சிறுவர் கத்தி வைத்திருப்பதற்கு எதிராக எழுந்த இயக்கத்தால் அது அருகிப்போயிற்று. இவ்வளவு எளிமையான ஒரு பொருளில் இவ்வளவு செம்மை இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி, நேர்வாய் அசலா என்பதை அறியும் முறை. முதலில் அலகின் அடியில் தீட்டப்படாமல் விடப்பட்ட சிறிய சதுரப் பகுதியைப் பாருங்கள். செய்தபோது அலகு எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வாய் அந்தச் சதுரத்தின் கீழ்மட்டத்தை விட மிகவும் உள்வாங்கியிருந்தால் கத்தி நெடுங்காலம் தீட்டப்பட்டுத் தேய்ந்திருக்கிறது. அடுத்து, கத்தியை மடக்கிப் பாருங்கள். அலகு, பிடியின் பள்ளத்தை விட வெகுவாகக் குட்டையாக இருந்து முனைப்பக்கம் வெற்றிடம் தெரிந்தால், உடைந்த கூர்முனையை யாரோ முதுகுப் பக்கமிருந்து அராவி வோர்ன்கிளிஃப் போல ஆக்கியிருக்கக்கூடும். அப்படிச் செய்தவற்றில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் முதுகை ஒட்டிக்கொண்டு, அசலில் இருக்க முடியாத இடத்தில் தெரியும்.

பொறிப்புகளும் காலத்தைச் சொல்லும். அம்புக்குறி பிரித்தானிய அரச உடைமை என்பதற்கான அடையாளம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் ஹரி பிரியர்லி ஷெபீல்டில் அந்த உருக்கை உருவாக்கிய 1913க்கு முந்தியதாக அது இருக்க முடியாது. ரொஜர்ஸ் கத்திகளில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அருகருகே இருக்கும். அம்முத்திரை நெடுங்காலம் போலி செய்யப்பட்டு வந்ததால், முத்திரையை மட்டும் நம்பி விலை கொடுக்க வேண்டாம். திறக்கும்போதும் மடக்கும்போதும் வில் தெளிவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். திறந்த நிலையில் அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது.

தம்பலகாமத்திலிருந்து ஒரு பதில்:

மேலே சொன்னவற்றோடு ஒரு வகையைச் சேர்க்க விரும்புகிறேன். கப்பலையும் பென்சிலையும் விட நேர்வாயைக் கண்டிப்பாகக் கேட்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது ஒட்டுக்கட்டுதல்தான். மாங்கன்றில் ஒட்டும்போது தண்டிலும் ஒட்டுக்கிளையிலும் வெட்டிய முகங்கள் இரண்டும் தட்டையாக இருந்து, பட்டைக்கு அடியிலுள்ள வளரும் படை ஒன்றோடொன்று படிய வேண்டும். வாய் வளைந்திருந்தால் வெட்டுமுகத்தில் குழி விழும், குழி விழுந்த இடத்தில் காற்று நிற்கும், ஒட்டு காய்ந்துவிடும். ஆகவே ஒட்டுக்கத்தியின் வாய் நேராக இருப்பதோடு, ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டு, மறுபக்கம் முழுவதும் தட்டையாக விடப்பட்டிருக்கும். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் இவை தனித்தனியே செய்யப்படுகின்றன.

ஜெர்மனியின் ரொய்ட்லிங்கன் நகரில் 1854 முதல் இயங்கும் டீனா நிறுவனத்தின் மடக்கு ஒட்டுக்கத்திகள் இத்துறையில் மதிக்கப்படுபவை. பழைய ஒட்டுக்கத்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், வாங்குமுன் தட்டையான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அறியாதவர் இருபுறமும் தீட்டியிருந்தால் அந்தப் பக்கத்தில் வாயோரமாக மெல்லிய பளபளப்பான கோடு தெரியும். அதை மீண்டும் தட்டையாக்குவது நெடிய வேலை; விலையை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.

உவர்மலை வாசகர் மீண்டும் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கத்தியை மடக்கிப் பார்த்தேன். அலகு பள்ளத்தை நிறைக்கிறது, அடிச்சதுரத்தோடு வாய் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. எனவே அதிகம் தேயவில்லை என்று கொள்கிறேன். ஆனால் வாய் முற்றிலும் மழுங்கியிருக்கிறது. சந்தைப் பக்கம் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? அலகில் கருமையும் அங்கங்கே சிவந்த கறளும் உள்ளன. புளியும் சாம்பலும் போட்டு விளக்கினால் போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

திருக்கடலூரிலிருந்து ஒரு பதில்:

தயவுசெய்து சுழலும் சாணையில் கொடுக்க வேண்டாம். வீட்டுக் கத்திக்கும் தேங்காய் உடைக்கும் கத்திக்கும் அந்தச் சாணை போதும். அவர்களின் திறமையில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் சிறிய நேர்வாய் அலகுக்கு அது இரண்டு வகையில் கேடு செய்யும். ஒன்று, உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாயின் பதம் இறங்கிவிடும். வாயோரம் நீலம் ஓடியது என்றால் அந்த இடத்து உருக்கு மென்மையாகிவிட்டது என்று பொருள், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. மற்றது, சக்கரம் அலகின் நடுப்பகுதியில் சற்றே அதிக நேரம் நின்றாலும் அங்கே வாய் உள்வாங்கிவிடும். வளைந்த அலகில் அப்படியொரு பிழை கண்ணுக்குத் தெரியாது. நேர்வாயிலோ அதுவே முழுக் கத்தியையும் கெடுத்துவிடும், ஏனெனில் உள்வாங்கிய பகுதி பலகையைத் தொடாது. கயிற்றின் கடைசி இழைகள் அறுபடாமல் அந்த இடைவெளியில் தப்பிக் கிடக்கும்.

தட்டையான தீட்டுகல்லில் கையால் தீட்டுவதே இதற்கு உரிய வழி, இதில் நேர்வாய்க்காரர்களுக்கு ஒரு பெரும் வசதியும் உண்டு. வளைந்த அலகைத் தீட்டும்போது வளைவுக்கேற்பப் பிடியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். நேர்வாயை அடியிலிருந்து நுனி வரை ஒரே சாய்வில் வைத்து இழுத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 பாகை அளவு சாய்வு இந்தப் படைக்கத்திக்குப் பொருந்தும். வோர்ன்கிளிஃப் போன்ற மெல்லிய அலகென்றால் 15 பாகை வரை இறங்கலாம். கல் தட்டையாக இருப்பதே முதன்மையானது. பல வீடுகளில் உள்ள பழைய கல் நடுவில் குழிந்திருக்கும். குழிந்த கல்லில் நேர்வாய் ஒருபோதும் நேராக நிற்காது. கண்ணாடித் தகட்டின் மீது நீர் நனைத்த உப்புத்தாளை விரித்து, அதில் கல்லைத் தேய்த்து மட்டப்படுத்திய பின்னர் கத்தியை எடுங்கள்.

புளியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம். புளிப்பு பித்தளையைத் துலக்குவது உண்மை, ஆனால் அது உருக்கை அரிக்கும். மூட்டுக்குள்ளும் வில்லுக்கு அடியிலும் கசிந்து, கழுவ முடியாத இடத்தில் தங்கிக் கறளை உள்ளிருந்தே வளர்க்கும். சாம்பல், பொறித்த எழுத்துகளைத் தேய்த்துவிடும். சிவந்த கறளை மட்டும் மிக நுண்ணிய உருக்குக் கம்பளியும் எண்ணெயும் கொண்டு மென்மையாகத் தேய்த்து எடுங்கள். கருமை படிந்த மேற்பரப்பை அப்படியே விடுங்கள். அது அலகைக் காப்பதோடு, அக்கத்தியின் காலத்தையும் காட்டுகிறது. பளபளவென்று மெருகேற்றிய பழைய கத்தியைச் சேகரிப்போர் விரும்பி வாங்குவதில்லை.

சீனன்குடாவிலிருந்து மீண்டும்:

திருக்கடலூர் நண்பர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். 1943 பொறித்த இந்தக் கத்தியைத் தீட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலத்தில் பிரித்தானியாவின் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944இன் தொடக்கத்தில் இங்கு திரும்பியது. உங்கள் கத்தியின் ஆண்டு அந்தத் திரும்புதலோடு பொருந்துகிறது. அது அந்தக் கப்பல்களில்தான் வந்தது என்பதற்கு அது சான்றாகாது, ஆனால் அடிச்சதுரத்தோடு வாய் மட்டமாக நிற்கும் அலகு இவ்வளவு காலத்துக்குப் பின் கிடைப்பது அரிது. பயன்படுத்தித் தீட்டிப் பழகுவதற்கு ஒரு புதிய லாம்ப்ஃபூட் கத்தியையோ ஹிகோனோகாமியையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். நமது ஊரில் உப்பு, காற்றிலேயே இருக்கிறது. கை வியர்வையிலும் இருக்கிறது. ஆகவே கையில் எடுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகி வில்லின் ஓட்டத்தைத் தடுக்கும். தோல் உறையில் நெடுங்காலம் வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமுறிஞ்சிப் பொதிகளோடு மூடிய பெட்டியில் வைப்பது வாடைக்காற்று வீசும் மாரிகாலத்துக்கும் போதுமானது. ஆமையோடு போலவோ முத்துப் போலவோ மின்னும், செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பிடி உள்ளவற்றை மட்டும் அந்தப் பெட்டியில் சேர்க்காதீர்கள். செலுலொயிட் வெப்பத்தில் சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி, அதே பெட்டியிலுள்ள ஏனைய அலகுகளையும் அரித்துவிடும். தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வையுங்கள்.

யானைத் தந்தத்திலோ மரைக்கொம்பிலோ பிடி அமைந்த பழைய ஷெபீல்ட் கத்திகள் விற்பனைக்கு வந்தால், வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வாங்கிய எதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கோ கோயிலுக்கோ செல்லவும் வேண்டாம்.

திருக்கடலூரிலிருந்து மீண்டும்:

தீட்டாமல் வைப்பதே நல்லது என்பதை இந்த ஒரு கத்தியைப் பொறுத்தவரை நானும் ஒப்புக்கொள்கிறேன். அலகின் அடிச்சதுரம் பற்றிய விவரத்தை நான் போதிய அளவு எடைபோடவில்லை. புதிய கத்தி வாங்கும்போது வாய் உண்மையில் நேரா என்று பார்க்க, கண்ணாடித் தகட்டின் மீது வாயை நிறுத்தி, பின்புறம் ஒரு விளக்கைப் பிடியுங்கள். ஒளிக்கீற்று எங்கும் கசியாவிட்டால் அது நேர்வாய். நடுவில் கீற்றுத் தெரிந்தால் வாய் உள்வாங்கியது. நுனியில் தெரிந்தால், முனையை நோக்கி வாய் சிறிது மேலெழுகிறது. சில நிறுவனங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன, அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் சேகரிக்க எண்ணும் வகைக்குள் அது அடங்காது.