மரவேலைக்குப் புதியவன், முதலில் எதைச் செய்து பழகலாம்?

புதுக்கை:
வணக்கம். ஆசைப்பட்டு ஒரு சின்ன ஸ்டூல் செய்தேன். நான்கு கால்களையும் 40 செ.மீ. என்று டேப் வைத்து அளந்துதான் அறுத்தேன், ஆனாலும் தரையில் வைத்தால் ஆடுகிறது. ஒரு காலைத் தேய்த்தேன், அப்புறம் எதிர்க்காலை, ஆட்டம் நிற்கவே இல்லை. கைரம்பம், டிரில், சுத்தியல், உப்புத்தாள், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. இதை வைத்து, செய்தபின் நிஜமாகவே பயன்படுகிற மாதிரி எதைச் செய்து பழகலாம்?

மரத்தூள்:
ஸ்டூல் முதல் வேலைக்குக் கடினம் நண்பரே, ஒரு வெட்டு கோணினாலும் நாலு காலும் அதைக் காட்டிக்கொடுக்கும். முதலில் ஒரு அறுப்புப் பலகை செய்யுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் 30க்கு 20 செ.மீ. துண்டு ஒன்று. அதன் ஒரு ஓரத்தில் மேலே ஒரு கட்டை, எதிர் ஓரத்தில் அடியில் ஒரு கட்டை. அடிக்கட்டை மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தை முட்டுக்கொடுத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் அறுக்கலாம். நீங்கள் வலது கைக்காரர் என்றால் மேல்கட்டையை வலப்பக்கம் 2 செ.மீ. குறைத்து ஒட்டுங்கள், அப்போது ரம்பம் பலகையில்தான் இறங்கும், மேஜை தப்பிக்கும். இனி செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இது உதவும். ஒரு மூலைமட்டமும் (செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி) வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் எதுவும் நேராக வராது.

உளிச்சத்தம்:
அதற்கு அடுத்து மூடி இல்லாத ஒரு சின்னப் பெட்டி. இதில் அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினால் பரவாயில்லை, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதனால் இரண்டையும் தனித்தனியாக டேப்பில் அளக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் குறியுங்கள்.

பசையை மட்டும் நம்பாதீர்கள். நான் செய்த முதல் பெட்டியைத் தூக்கியதும் ஒரு பக்கம் கழன்று வந்துவிட்டது, உடைந்த இடத்தில் ஒரு சிம்பு கூட ஒட்டியிருக்கவில்லை, வழவழவென்று இருந்தது. பலகையின் குறுக்குவெட்டு முகத்தில் நார்களின் வாய் திறந்திருக்கும், பசையை உறிஞ்சி ஒட்டும் இடத்தை வறள விட்டுவிடும். அங்கே முதலில் மெல்லிசாகப் பூசி சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி பூசுங்கள், கூடவே ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு ஸ்க்ரூ. முன்துளை போடாமல் முறுக்கினால் ஓரம் பிளந்துவிடும். பைன் மாதிரி மென்மரம் என்றால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போதும்.

புதுக்கை:
அறுப்புப் பலகை செய்துவிட்டேன், நன்றாகப் பிடிக்கிறது! ஆனால் அறுக்கும்போது மேலே கோட்டிலேயே போகிறது, அடியில் பார்த்தால் 3 மி.மீ. விலகியிருக்கிறது. ரம்பத்தில் கோளாறா?

மரத்தூள்:
பெரும்பாலும் கைதான். கோட்டை மேலே மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் சுற்றிக் கோடு போடுங்கள், பென்சிலுக்குப் பதில் கத்தியால் கீறினால் ரம்பத்துக்குத் தடமும் கிடைக்கும், சிம்பும் பெயராது. சுட்டுவிரலைக் கைப்பிடிக்கு வெளியே ரம்பத்தோடு நீட்டிப் பிடியுங்கள், உங்களுக்கு அப்பால் இருக்கும் மூலையில் ஆரம்பித்து, மேல்கோடு முன்கோடு இரண்டையும் பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்குங்கள். முக்கியமாக, அழுத்தாதீர்கள். நேராக வரவில்லையே என்று அழுத்தினால் இன்னும் கோணும்.

உளிச்சத்தம்:
அந்த ஸ்டூலைத் தூக்கிப் போடாதீர்கள், சரிசெய்யலாம். சமமான தளத்தில் நிறுத்தி, மேல்பலகை மட்டமாகும் வரை குட்டைக் கால்களுக்கு அடியில் அட்டைத்துண்டு செருகுங்கள். அப்புறம், அட்டை செருகிய உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமனாக ஒரு கட்டையை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தளத்திலேயே நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுங்கள். ஒவ்வொரு காலாகத் தேய்த்தால் அடுத்த கால் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்.