புதுப்பிப்பு: உப்புவெளி விடுதியும் விருந்தினரின் அடையாள அட்டைப் படங்களும்

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் விடுதியில் தங்க வருபவர்களின் அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்கள் வேலையாட்களின் வாட்ஸ்அப்பிலேயே கிடக்கின்றன, சட்டப்படி இது சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். சட்டத்தைத் தேடி வாசித்தேன்.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்துகிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. அதற்காகச் சும்மா இருக்க மனமில்லை. மீறினால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். "நாங்கள் சின்ன இடம்தானே" என்று சிலர் சொன்னீர்கள். சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பதற்குத்தான் விலக்கு. ஆறு அறை வைத்து நடத்தினாலும் அது தொழில்தான்.

என்ன தேவைக்கு வாங்குகிறோமோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது. அதனால் இப்போது விபரங்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அட்டையைக் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். பழைய படங்களை அழிக்கச் சொன்னேன். தம்பிமாருக்குப் பெரிய சந்தோஷம், போனில் இடம் கிடைத்ததாம்!

அப்புறம் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் விருந்தினரின் தொலைபேசி இலக்கங்களைக் கேட்டார். அவர்களைக் கேட்காமல் தர முடியாது அண்ணா என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார். இப்போது அவருடைய தொடர்பு அட்டைகளை வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறோம், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.