பிராட்பேண்ட் ஆர்டரை ரத்து செய்தால் லேண்ட்லைனும் டெட்: என்ன செய்யலாம்?

லேண்ட்லைன் எண்ணிலேயே ஃபைபர் பிராட்பேண்ட் கேட்டுவிட்டு, பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்தவர்களுக்கு மூன்று ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை இது.

களியக்காவிளை:
பழைய எண்ணிலேயே ஃபைபர் கேட்டால் அது புது இணைப்பு ஆகாது. செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றும் ஆர்டர் அது. எக்ஸ்சேஞ்சில் ஜம்பரை, அதாவது உங்கள் லைனை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் சிறு கம்பியைக் கழற்றிய பிறகு ஆர்டர் ரத்தானால், கழற்றியதைத் திரும்ப மாட்டும் வேலை யார் கைக்கும் போகாமல் நின்றுவிடும். லைன் டெட் ஆவது இப்படித்தான்.

போனது கம்பியா, எண்ணா என்று முதலில் பாருங்கள். செல்லிலிருந்து எஸ்டிடி கோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். இங்கே 04651, கேரள எல்லை தாண்டிப் பாறசாலை என்றால் 0471. ரிங் போவது காதில் கேட்டும் வீட்டு போன் அடிக்கவில்லையா? எண் இருக்கிறது, கம்பிதான் விட்டிருக்கிறது. எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் வந்தால் எண்ணையே மூடிவிட்டார்கள். அப்போது லைன்மேனைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

செங்கோட்டை:
களியக்காவிளை அண்ணாச்சி சொன்னதோடு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும் வைத்துப் பாருங்கள். போன், மோடம், ஸ்ப்ளிட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரோசெட்டில் (சுவரில் போன் கம்பி வந்து சேரும் சிறு பெட்டி) வரும் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே டிசி வோல்ட் அளக்க வேண்டும். 48 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி சரி, வீட்டு வயரிங்கையும் போனையும் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் ஜம்பர் இல்லை, அல்லது வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. தெருவில் வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பெட்டியில் உங்கள் கம்பி ஜோடியை வேறு வீட்டுக்குக் கொடுத்திருக்கவும் கூடும். கரகரப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஜாயிண்டில் இறங்கிய மழைத் தண்ணீர், ரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிங் வரும்போது 75 வோல்ட் ஏசி வரை ஏறும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

கம்பம்:
எண் மூடியிருந்தால் புது இணைப்புக்கு எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து எழுதிக்கொடுக்காதீர்கள், எண் மாறிவிடும். மூடிய எண் பிறகு இன்னொருவருக்குப் போகலாம். செல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் வழியில்லை. அதனால் தாமதிக்காமல், அதே எண்ணை மீட்டுத் தரும்படி மனு கொடுங்கள். ஆர்டர் எண், ரத்து செய்த தேதி, கடைசி பில் நகல் வேண்டும். ‘பிராட்பேண்டை மட்டுமே ரத்து செய்தேன்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். புகார் எண் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி.

கேரள சிம் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டு லைனுக்குத் தமிழ்நாட்டு சிம்மிலிருந்தே புகார் பதியுங்கள், புகார் வேறு மாநிலத் தொலைபேசி வட்டத்துக்குப் போய் அலையவேண்டாம்.

களியக்காவிளை:
லைன் வந்தபின் செல்லுக்குக் கூப்பிட முன்னால் 0 போடுங்கள், 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். ஃபைபரில் எண்ணை மீட்டுக் கொடுத்தால் வீட்டில் மாட்டும் ஃபைபர் மோடம் பெட்டிக்கு, கரண்ட் போனாலும் ஓட, யுபிஎஸ் வையுங்கள். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சே கரண்ட் கொடுக்கும், ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.