நங்கூரக் காவல் செயலி: தேவையில்லாதபோது அலறுகிறது, தேவைப்பட்டபோது சத்தமில்லை

நீலத்திரை:
வணக்கம். 10 மீட்டர் பாய்மரப் படகு. இரவில் நங்கூரம் போட்டுத் தூங்கும்போது, படகு நகர்ந்தால் எழுப்ப ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். தொல்லை இரண்டு. காற்று திசை மாறினால், நங்கூரம் கெட்டியாகப் பிடித்திருக்கும்போதே மணி அடிக்கிறது. ஆனால் ஓர் இரவு படகு உண்மையிலேயே இழுத்துக்கொண்டு போயிருந்தது, செயலி வாயே திறக்கவில்லை. காலையில் திரையைத் திறந்ததும்தான் அலறியது! ஆழம் 5 மீட்டர், விட்ட சங்கிலி 30 மீட்டர், செயலியில் வட்டம் (போன் இதைத் தாண்டினால் மணி அடிக்கும்) 35 மீட்டர் ஆரம். போன் பின்பக்க அறையில், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். செயலியை மாற்றுவதா, போனை மாற்றுவதா?

ஓங்கில்:
இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். செயலியில் 'நங்கூரம் இங்கே' என்று எந்த நேரத்தில் அழுத்துகிறீர்கள்?

நீலத்திரை:
சங்கிலி முழுவதும் விட்டு, இஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பிடிமானம் பார்த்துவிட்டு, அறைக்குள் வந்த பிறகு.

ஓங்கில்:
பொய் மணிக்குக் காரணம் அதுதான். செயலி வட்டம் போடுவது நங்கூரத்தைச் சுற்றி அல்ல, அந்த நேரத்தில் உங்கள் போன் இருந்த இடத்தைச் சுற்றி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழமும் படகு முகப்பின் உயரமும் சேர்த்து 6 மீட்டர் என்றால், இறுகி நிற்கும் 30 மீட்டர் சங்கிலி கிடைமட்டமாக 29 மீட்டருக்குச் சற்று மேல் போகும். முகப்பிலிருந்து படுக்கை வரை 8 மீட்டர் என்று வைப்போம். ஆக, நங்கூரத்திலிருந்து போன் சுமார் 37 மீட்டர் தள்ளி இருக்கிறது. காற்று 60 டிகிரி திரும்பினாலே உங்கள் 35 மீட்டர் வட்டத்தைப் போன் தாண்டிவிடும். நேரெதிராகத் திரும்பினால் முதலில் இருந்த இடத்திலிருந்து 70 மீட்டருக்கு மேல் போய்விடும். நங்கூரமோ ஓர் அங்குலம்கூட அசைந்திருக்காது.

போனை முகப்புக்கு எடுத்துப் போய், நங்கூரம் தரையைத் தொடும்போதே அழுத்துங்கள். மறந்துவிட்டால், சில செயலிகளில் மையத்தைத் திசையும் தூரமும் கொடுத்து நகர்த்தலாம். வட்டம் 37 மீட்டர், அதோடு ஜிபிஎஸ் பிழைக்கு இன்னும் 5 முதல் 8 மீட்டர். 45 வையுங்கள். ஓத ஏற்றத்தில் ஆழம் கூடினால் கூடுதல் சங்கிலி விட வேண்டிவரும், அப்போது வட்டத்தையும் பெரிதாக்க வேண்டும்.

கலங்கரை:
மணி அடிக்காததுதான் பெரிய ஆபத்து, அதைப் பற்றி நான் சொல்கிறேன். திரையைத் திறந்ததும் அலறியது என்றால், போன் செயலியைத் தூங்க வைத்திருந்தது என்று அர்த்தம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, சார்ஜரில் இல்லாமல் திரை அணைந்து கிடக்கும் போன் பின்னணிச் செயலிகளை அடக்கிவைக்கும். போன் தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் தங்கள் பங்குக்கு ஒரு 'பேட்டரி சேமிப்பு' வைத்திருப்பார்கள், பல போன்களில் அதுதான் முக்கால்வாசி வில்லன்.

அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்றும், துல்லிய இருப்பிடம் இயக்கத்திலும் இருக்கட்டும். இரவு முழுக்கச் சார்ஜரிலேயே விடுங்கள். 'தொந்தரவு செய்யாதே' இயங்கினாலும் அலாரம் ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஐபோன்காரர்களுக்கு ஒன்று: செயலியை மேலே தள்ளி மூடினால் காவலும் அதோடு முடிந்தது.

அப்புறம் சோதனை. இதைச் செய்யாமல் எந்தச் செயலியையும் நம்பாதீர்கள். கரையில் காவலை இயக்கி, திரையை அணைத்து, போனை ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். பிறகு திரையைத் தொடாமல் பையில் போட்டுக்கொண்டு 100 மீட்டர் நடங்கள். அடித்தால் சரி.

பழையதுடுப்பு:
இதெல்லாம் எதற்கு? கரையில் இரண்டு விளக்குகளை ஒரே கோட்டில் பார்த்து வைத்து, அவை விலகித் தெரிந்தால் படகு நகர்ந்தது என்று தெரிந்துகொண்டால் போதாதா?

கலங்கரை:
விழித்திருக்கும்வரை அதைவிட நல்லது கிடையாது, ஐயா. தூங்குகிறவருக்குத்தான் மணி. மணி கேட்டு எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் விளக்குகளைத்தான்.

நீலத்திரை:
இருவருக்கும் நன்றி. சோதனை செய்தேன். பேட்டரிக் கட்டுப்பாடு இருந்தபோது அடிக்கவில்லை, நீக்கிய பிறகு அடித்தது. இன்னொரு சந்தேகம்: கரைக்குப் போகும்போது போன் என்னோடு வந்துவிடுமே? சிம் இல்லாத பழைய போன் ஒன்றைப் படகிலேயே விட்டு வைக்கலாமா?

ஓங்கில்:
ஜிபிஎஸ்-க்குச் சிம் தேவையில்லை. இணைய உதவி இல்லாததால் முதல் இருப்பிடம் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் ஆளில்லாத படகில் அலறினால் யாருக்குக் கேட்கும்? அதில் ஒரு சிம் போட்டு, குறுஞ்செய்தி அனுப்பும் வசதியுள்ள செயலியை வையுங்கள். வானம் தெரியும் கண்ணாடிக்குக் கீழே, ஆனால் நேர் வெயில் படாத இடத்தில். சூடேறினால் போன் தானே அணைந்துவிடும். கரையில் உங்கள் கையிலுள்ள போனுக்குச் சிக்னல் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.